பழைய ஜீப்பும் நம்ம ஊர் வெயிலும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழ் பதில்கள் முழுக்க ஜீப்புதான். 1989-இல் ஒருமுறையும் 2019-இல் இன்னொரு முறையும் மாவட்டத்தைப் பிரித்தாகிவிட்டது, ஆனாலும் பழைய ஜீப்பு வைத்திருக்கிற வாசகர்கள் முக்கால்வாசிப் பேர் கடிதத்தின் அடியில் 'வட ஆற்காடு' என்றே எழுதியிருக்கிறார்கள். வண்டியும் அந்தக் காலத்தது, விலாசமும் அந்தக் காலத்தது, சரிதான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஆரணி வாசகர்: அப்பா ஏலத்தில் எடுத்த ஜீப்பு. ஆர்.சி. புத்தகத்தில் சிஜே 3பி (மஹிந்திராவின் பழைய வில்லிஸ் வகை ஜீப்பு), பெட்ரோல் என்று இருக்கிறது, பானட்டைத் திறந்தால் டீசல் எஞ்சின் இருக்கிறது. கடையில் 'என்ன மாடல்?' என்று கேட்டால் என்ன சொல்வது? வாங்கிவந்த கிளட்ச் பிளேட் இரண்டு தடவை சேரவில்லை.

மாடல் பெயரைச் சொல்லவே சொல்லாதீர்கள். உங்கள் வண்டிக்கு மாடல் என்று ஒன்று இல்லை, மூன்று வண்டி சேர்ந்து ஒன்றாகி நிற்கிறது. நம் பக்கம் ஓடுகிற பழைய மஹிந்திரா ஜீப்பில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் எல்லோரும் பெட்ரோல் எஞ்சினை இறக்கி எடைக்குப் போட்டுவிட்டு டீசலை ஏற்றினார்கள். ஏற்றினவர் கையில் எது கிடைத்ததோ அதுதான் உள்ளே இருக்கிறது.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி), முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், ஸ்டீரிங் பாக்ஸ், பிரேக் டிரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். வயர் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து, வார்ப்பில் என்ன நம்பர், என்ன எழுத்து இருக்கிறதோ அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினில் பொதுவாக நாலு வகை பார்க்கலாம். பழைய பெட்ரோல் என்றால் ஜீப்பு செய்த அமெரிக்கக் கம்பெனி வில்லிஸின் ஹரிக்கேன், 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். டீசல் என்றால் இன்டர்நேஷனல் பி275 டிராக்டரின் 2.36 லிட்டர் எஞ்சினாக இருக்கலாம், பியூஜோ எக்ஸ்டிபி 4.90 என்கிற 2112 சிசியாக இருக்கலாம், அதற்கும் பிறகு வந்த 2523 சிசி டிஐ எஞ்சினாகவும் இருக்கலாம். இன்டர்நேஷனல் என்றால் உங்களுக்கு ஒரு நல்ல சேதி: ஜீப்பு கடையை விட்டுவிட்டு டிராக்டர் ஸ்பேர்ஸ் கடைக்குப் போங்கள். ஆரணி, போளூர், செய்யாறு பக்கம் டிராக்டர் கடைக்குப் பஞ்சமா என்ன? பழைய சாமானைக் கையில் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளட்ச் பிளேட் ஏன் சேரவில்லை என்றால், அது எஞ்சினுக்கும் பொருந்த வேண்டும், கியர்பாக்ஸுக்கும் பொருந்த வேண்டும். வெளி விட்டம் ஃபிளைவீலைப் பொறுத்தது, நடுவில் உள்ள பல் கியர்பாக்ஸ் ஷாஃப்டைப் பொறுத்தது. நீங்கள் எஞ்சின் பெயரைச் சொன்னீர்கள், கடைக்காரர் அந்த எஞ்சினோடு கம்பெனியில் வந்த கியர்பாக்ஸுக்கான பிளேட்டைக் கொடுத்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. பழைய பிளேட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய், பல் எண்ணி, விட்டம் அளந்து வாங்குங்கள்.

போல்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். சேஸிஸ், ஆக்ஸில் எல்லாம் அங்குல மரை. பியூஜோ எஞ்சின் என்றால் அதில் மில்லிமீட்டர் மரை. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் போல்ட்டோடு கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, இரண்டு சுற்று கையாலேயே ஏறும், மூன்றாவது சுற்றில் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை காலி. பட்டறைப் பையன் கையில் கலந்த போல்ட் டப்பாவைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள், இதை யாரும் செய்வதில்லை. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒரே கிரவுன் விகிதமா (சக்கரம் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) என்று பாருங்கள். பெட்ரோல் வில்லிஸ் வழியில் வந்த வண்டிகளில் 5.38 சகஜம், 8 பல் பினியனுக்கு 43 பல் கிரவுன். பிற்பாடு வந்த ஆக்ஸில்களில் 4.88-உம் உண்டு. யாராவது பின் ஆக்ஸிலை மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியிருந்தால், ரோட்டில் ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது, மலையில் முன் கியரை, அதாவது முன் சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற முன் லீவரை, போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கதறும். சோதிக்க மெக்கானிக் வேண்டாம். சமதரையில் வண்டியை நியூட்ரலில் நிறுத்தி, சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரம் சரியாக ஒரு சுற்று வரும்வரை இரண்டு பேர் தள்ளுங்கள், ஒருவர் குனிந்து ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணட்டும். பின்னால் ஐந்தே கால் சுற்றைத் தாண்டி நின்றால் 5.38, ஐந்துக்குக் கொஞ்சம் குறைவாக நின்றால் 4.88. முன்பக்கமும் அதேபோல எண்ணுங்கள். முன்னே ஒன்று பின்னே ஒன்று என்றால், சரிசெய்யும்வரை முன் லீவரைத் தொடாதீர்கள்.

ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே டீசல் என்ற விவகாரமும் சும்மா விடக்கூடியது இல்லை. எஞ்சின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது பிரச்சினை, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு சாக்கு. முதலில் இதை முடியுங்கள், பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம்.

குடியாத்தம் வாசகர்: பெட்ரோல் ஜீப்பு. காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. மதியம் மார்க்கெட்டில் அரைமணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. சாயங்காலம் தானாகச் சரியாகிவிடுகிறது. கார்புரேட்டர் இரண்டு தடவை மாற்றியாயிற்று.

கார்புரேட்டர்மேல் தப்பே இல்லை, அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த ஹரிக்கேன் எஞ்சினில் உள்வாங்கும் வால்வு ஹெட்டில் இருக்கிறது, புகை போகும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கிறது. கார்புரேட்டர் நேராக ஹெட்டின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஓடும்போது ஃபேன் காற்றும் புதுப் பெட்ரோலும் அதைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், ஹெட்டின் சூடு மேலே ஏறும், உள்ளே இருக்கிற பெட்ரோல் ஆவியாகும். பம்பிலும் குழாயிலும் ஆவி நின்றால் பம்பு ஆவியைத்தான் இழுக்கும், பெட்ரோல் வராது. அமெரிக்காக்காரன் வடிவமைத்த வண்டி, சித்திரை மாதத்துக் குடியாத்தத்தை அவன் நினைத்தே பார்த்திருக்க மாட்டான்.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு வழி. மதியம் மக்கர் பண்ணும்போது பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனால் ஆவிதான் காரணம். ஆகவில்லையா, பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். சூட்டில் மட்டும் படுத்துவிடுகிற காயிலும் கண்டென்சரும் நிறைய உண்டு, குளிர்ந்ததும் நல்லபிள்ளையாகிவிடும். பெட்ரோலையும் கரண்டையும் ஒரே நேரத்தில் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் மாற்றினால் பணம்தான் போகும், காரணம் தெரியாது.

ஆவிதான் என்றால் வரிசையாகச் செய்யுங்கள். கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் சூடு தடுக்கும் தடித்த பேக்கிங் இருக்கிறதா பாருங்கள், பழைய வண்டிகளில் யாராவது அதைத் தூக்கி எறிந்துவிட்டு காகித பேக்கிங் போட்டிருப்பார்கள். பெட்ரோல் குழாய் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிப் போகிறதா பாருங்கள், விலக்கிக் கட்டுங்கள். அப்புறம் ரேடியேட்டர். நம் பாலாற்றுப் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும், கழற்றி ராடு போட்டுச் சுத்தம் செய்து, கூலண்ட் கலந்த டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.

இத்தனைக்கும் அடங்கவில்லை என்றால் டேங்க் பக்கத்தில் சின்ன எலெக்ட்ரிக் பம்பு வைக்கலாம், பெட்ரோலைப் பின்னாலிருந்து தள்ளினால் ஆவி சுலபமாகத் தங்காது. ஆனால் கார்புரேட்டர் வண்டிக்கான குறைந்த அழுத்தப் பம்பாக இருக்க வேண்டும், மூன்று நாலு பிஎஸ்ஐ போதும். புதுக் கார் இன்ஜெக்ஷன் பம்பை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்துகிற ஊசி வால்வு தாங்காமல் எஞ்சின்மேல் பெட்ரோல் வழியும், தீதான் பிடிக்கும்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ், பம்பு டயாஃப்ரம் இதற்காகச் செய்ததில்லை, ஊறி மிருதுவாகிவிடும். எத்தனால் தண்ணீரையும் இழுக்கும், வண்டி மாசக்கணக்கில் நின்றால் டேங்க் அடியில் துரு. ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றி, ஒரு கண்ணாடி ஃபில்டர் மாட்டிவிடுங்கள், உள்ளே என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

போகிற போக்கில் ஹரிக்கேன் எஞ்சினின் டியூனிங் அளவும் குறித்துக்கொள்ளுங்கள், நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பிளக் இடைவெளி 0.030 அங்குலம், பாயிண்ட் 0.020, உள்வாங்கும் டேப்பட் 0.018, புகை டேப்பட் 0.016. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2.

வாணியம்பாடி வாசகர்: ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டீரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு ஆடுகிறது. நிறுத்தினால்தான் நிற்கிறது. மெக்கானிக் ஸ்டீரிங் டேம்பர் மாட்டச் சொல்கிறார்.

டேம்பர் என்பது ஸ்டீரிங் ஆட்டத்தை அமுக்குகிற ஷாக் அப்சார்பர். அது வலி மாத்திரை மாதிரி, வலி தெரியாது, நோவு அப்படியே இருக்கும். மாட்டாதீர்கள் என்று சொல்லவில்லை, கடைசியாக மாட்டுங்கள்.

முதலில் காசில்லாத வேலை: டயர் காற்று, இரண்டு பக்கமும் ஒரே டயரா, பேலன்ஸ். அப்புறம் முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (சக்கரம் இடம் வலம் திரும்புகிற அச்சு) பேரிங். பெரும்பாலும் கிங்பின்தான். ஆக்ஸில் முனையில் உருண்டையாக ஒரு நக்கிள் இருக்கிறதே, அதன் மேலும் கீழும் சின்ன டேப்பர் பேரிங் இரண்டு உட்கார்ந்திருக்கும். சீல் கிழிந்து தண்ணீரும் மணலும் உள்ளே போய் அது குழிவிழுந்து போயிருக்கும். பாலாறு தாண்டுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

கடைக்குப் போய் 'ஜீப்பு கிங்பின் பேரிங்' என்று கேட்காதீர்கள், எந்தக் கம்பெனி சாமான் வரும் என்று சொல்ல முடியாது. பேரிங் கடைக்குப் போய் நம்பர் சொல்லுங்கள்: கோன் 11590, கப் 11520. இது டிம்கன் நம்பர், உலகம் முழுக்க ஒன்றே. முன் வீல் பேரிங் பெரும்பாலான வில்லிஸ் வகை ஆக்ஸிலில் 18590, 18520. பழையதன் முகத்தில் நம்பர் அடித்திருக்கும், அதோடு ஒத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

மாட்டும்போதுதான் விஷயம் இருக்கிறது. மேல் மூடிக்கும் கீழ் மூடிக்கும் அடியில் மெல்லிய ஷிம் தகடு உண்டு. அதைக் கூட்டியும் குறைத்தும்தான் பேரிங்கின் இறுக்கம் அமையும், மேலும் கீழும் சமமாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நக்கிள் நடுவில் நிற்காது. சீலையும் டை ராடையும் கழற்றிவிட்டு ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துப் பார்த்து, மேனுவலில் உள்ள அளவுக்கு வைக்க வேண்டும். கையால் ஆட்டிப் பார்த்து 'டைட்டா இருக்கு சார்' என்று சொல்கிற மெக்கானிக்கிடம் அந்த மேனுவல் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள், மரியாதையாகத்தான். பழைய ஷிம்மைத் தொலைத்துவிட்டுக் கோக் டின் வெட்டிப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இது சரியாக இருந்தும் ஆடினால் டை ராடு எண்ட், அப்புறம் முன் குறுக்குச் சட்டத்தில் இருக்கிற பெல் கிராங்க். சிஜே 3பியில் ஸ்டீரிங் பாக்ஸின் தள்ளல் இந்தப் பெல் கிராங்க் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது, அதன் பின்னும் புஷ்ஷும் தேய்ந்தால் ஸ்டீரிங்கில் கால் சுற்று வீணாகப் போகும். ஸ்பிரிங் ஷேக்கிள் புஷ்ஷையும் பார்த்துவிடுங்கள்.

ஆலங்காயம் வாசகர்: ஜவ்வாது மலையில் காவலூர் தாண்டி மண் ரோட்டுக்குப் போய்விட்டு இறங்கி வந்தேன். தார் ரோட்டிலும் முன் கியர் போட்டபடியே வந்துவிட்டேன். இப்போது லீவர் வெளியே வரவே மாட்டேன் என்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டுமா?

வேண்டாம். பத்தடி ரிவர்ஸ் எடுங்கள், லீவரை மெதுவாக இழுத்தபடி. தானாக வந்துவிடும்.

இந்த ஜீப்பில் முன் ஷாஃப்டுக்கும் பின் ஷாஃப்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது, முன் லீவர் போட்டால் இரண்டும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும். வளைவில் முன் சக்கரம் பெரிய வட்டம் போகும், பின் சக்கரம் சின்ன வட்டம் போகும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் லேசாகச் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் சறுக்க முடியாது, அதனால் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு கியரை இறுக்கிப் பிடிக்கும். ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு அவிழும். அந்த முறுக்கோடு ஏலகிரியின் 14 வளைவையும் ஏறியிருந்தால் ஷாஃப்ட் மூட்டில் இருக்கிற யூ.ஜே. கிராஸ் ஒன்றாவது போயிருக்கும், தப்பித்தீர்கள்.

ஈர மண், ஆற்று மணல், செங்குத்தான கற்பாதை, இதற்குத்தான் முன் கியர். லோ கியர் வேண்டுமானால் முதலில் முன் லீவர், அப்புறம் லோ. லோவின் முழு இழுவையும் பின் ஆக்ஸில் தலையில் மட்டும் விழக்கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் மலைக்கே போகாவிட்டாலும் மாதம் ஒருமுறை மண் தரையில் முன் லீவரைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், ஆயில் மேலே ஏறட்டும். முன் சக்கரத்தை ஆக்ஸிலோடு சேர்க்கவும் பிரிக்கவும் ஹப்பில் லாக் மாட்டியிருந்தால் (1948-இல் வார்ன் கம்பெனி தொடங்கியதே வில்லிஸ் ஜீப்புக்கு இந்த ஹப்பு செய்யத்தான்) அதையும் அப்போது பூட்டிவிடுங்கள்.

பேர்ணாம்பட்டு வாசகர்: கியர்பாக்ஸுக்கு என்ன ஆயில்? எவ்வளவு ஊற்றினாலும் குறைகிறது, கீழே சொட்டு இல்லை.

90-ஆம் நம்பர், ஜிஎல் 4. ஜிஎல் 5 இன்னும் உசத்தி என்று கடையில் தருவார்கள், அதில் உள்ள கந்தக மருந்து பித்தளை சின்க்ரோ வளையத்தை அரிக்கக்கூடும், கியர்பாக்ஸுக்கு வேண்டாம். குறைகிற ஆயில் எங்கேயும் போகவில்லை, சீல் தேய்ந்து பின்னால் இருக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் போகிறது. அந்தப் பிளக்கைத் திறந்தால் வழியும் பாருங்கள். சீல் மாற்றும்வரை இரண்டையும் சேர்த்தே அளந்து வையுங்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: நம் சிப்காட்டில் லேத் பட்டறைக்குக் குறைவில்லை. கிடைக்காத பாகத்தை எல்லாம் செய்துகொள்ளலாமா?

எல்லாவற்றையும் கூடாது. புஷ், பின், ஸ்பேசர், ஷேக்கிள், புல்லி, ஷிம், பெல் கிராங்க் பின், இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம், கடையில் கிடைக்கிற லோக்கலைவிட நன்றாகவே வரும், ஆனால் எந்த ஸ்டீல் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சைலன்சர் மேனிஃபோல்டு வெடித்திருந்தால் காஸ்ட் அயர்ன் வெல்டிங் தெரிந்தவரிடம் சூடாக்கி வெல்டிங் வைக்கச் சொல்லி, முகத்தைச் சமமாக அரைத்து வாங்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸ் நடு ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலும் கிரைண்டிங் தெரிந்த இடத்தில், ஹார்டனிங்கோடு செய்தால் நிற்கும். ஹார்டனிங் இல்லாமல் செய்தால் ஊசி பேரிங் அதை ஒரு வருஷத்தில் தின்றுவிடும்.

ஸ்டீரிங் கை, டை ராடு எண்ட், பிரேக் பாகம், வீல் ஸ்டட், ஆக்ஸில் ஷாஃப்ட், இவற்றை லேத்தில் செய்யாதீர்கள், உடைந்த ஸ்டீரிங் கையை வெல்டிங் வைக்கவும் கூடாது. அவையெல்லாம் அடித்து உருவாக்கிச் சூடேற்றிப் பதப்படுத்திய சாமான், கடைந்த கம்பி அதற்கு ஈடாகாது. கிடைக்கும்வரை வண்டியை நிறுத்திவையுங்கள்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நமக்கு ஒரு வசதி, சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறோம். புதுச் சாமான் என்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமான் என்றால் புதுப்பேட்டை. பெங்களூரில் ஜேசி ரோடு. பாடி வேண்டுமென்றால் வடக்கே அரியானாவில் மண்டி டப்வாலி, ஜீப்பு பாடி கட்டுவதே அந்த ஊரின் தொழில். லாரியில் ஏற்றி அனுப்புவார்கள், தகடு எந்த கேஜ் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். புதுப்பேட்டையில் மட்டும் ஒரு விதி: எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் அடித்த எந்தப் பாகத்தையும் பில் இல்லாமல் தொடாதீர்கள். யாருடைய வண்டியில் இருந்து வந்ததோ!

சோளிங்கர் வாசகர்: பஞ்சர் போட இடது பக்கச் சக்கரத்தைக் கழற்றினேன். குழாய் மாட்டி இரண்டு பேர் ஏறி மிதித்ததில் ஸ்டட் முறிந்துவிட்டது.

இடது பக்கம் மரை தலைகீழ். பழைய ஜீப்பில் இடது சக்கரத்து நட்டு வலப்புறம் சுற்றினால்தான் கழலும். நீங்கள் கழற்றவில்லை, இறுக்கியிருக்கிறீர்கள். ஸ்டட்டின் முகத்தில் 'எல்' என்று அடித்திருக்கிறதா பாருங்கள். புது ஸ்டட் வாங்கும்போதும் அதே தலைகீழ் மரை கேளுங்கள். அப்படியே பிரேக் டிரம்மைத் திறந்து வீல் சிலிண்டரையும் பார்த்துவிடுங்கள். ஒன்பது அங்குல டிரம் என்றால் முன்னால் ஒரு அங்குலம், பின்னால் முக்கால் அங்குல ரப்பர். உங்கள் ஊரிலேயே பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது, பிரேக்கைப் பற்றிச் சோளிங்கர்காரருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

காட்பாடி வாசகர்: தாத்தாவின் 1968 ஜீப்பு. 'விண்டேஜ்' பதிவு செய்தால் எஃப்.சி. தொல்லை இருக்காது என்கிறார்கள். செய்யலாமா?

ஜீப்பை ஓட்டுகிறீர்களா, நிறுத்திப் பார்க்கிறீர்களா? 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபடி பதிய 5,000. சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், அது ஒரு சந்தோஷம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, ரிப்பேருக்குப் போக, அவ்வளவுதான்.

தோட்டத்துக்குத் தேங்காய் ஏற்றப் போகிற வண்டி என்றால் சாதாரணப் பதிவையே ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். 20 வயது தாண்டிய கார், ஜீப்புக்கு 2025 ஆகஸ்டில் அந்தக் கட்டணத்தை 10,000 ஆக்கிவிட்டார்கள், பசுமை வரி தனி. வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் ஓட்டுகிற உரிமை கையில் இருக்கும்.

ஆற்காடு வாசகர்: டெல்லியில் மாருதி ஜிப்ஸியும் ராணுவ ஏலத்து ஜோங்காவும் மலிவாகக் கிடைக்கிறதாம். எதை எடுக்கலாம்?

ஜிப்ஸியை எடுங்கள். 970 சிசி பழையதோ 1298 சிசி 'ஜிப்ஸி கிங்'கோ, எதுவானாலும் சாமான் கிடைக்கிறது, மெக்கானிக்கும் கிடைக்கிறார். என்.ஓ.சி. கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள், சேஸிஸை அடியில் படுத்துச் சுத்தியால் தட்டிப் பாருங்கள், வடக்கத்தி வண்டியில் துரு உள்ளுக்குள் இருக்கும்.

ஜோங்கா வேறு கதை. நிசான் பேட்ரோலை ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்தது, ஆறு சிலிண்டர், 3956 சிசி பெட்ரோல். பார்த்தால் ஆசை வரும், எனக்கும் வரும். ஆனால் அதன் சாமான் ஏலக்கிடங்குகளில் சுற்றிக்கொண்டிருக்கிறதே தவிரக் கடையில் இல்லை, பெட்ரோல் செலவை நான் எழுதினால் உங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகையை நிறுத்திவிடுவார்கள். அப்படியும் எடுப்பதென்றால் ஒன்று ஓட்ட, ஒன்று சாமானுக்கு என்று இரண்டாக எடுங்கள்.

போளூர் வாசகர்: 6.00-16 டயர் டிராக்டர் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. போடலாமா?

கூடாது. அது டிராக்டரின் முன் டயர், அளவு மட்டும்தான் ஒன்று. உழவு வேகத்துக்குச் செய்தது, அறுபதில் ஓட்டினால் சூடேறிப் பிய்யும், ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்காது. ஜீப்பு டயர் என்றே கேட்டு வாங்குங்கள், அதே அளவில் இன்னும் வருகிறது. 15 அங்குல ரிம்முக்கு மாறுவதென்றால் ஜிப்ஸி ரிம்மின் ஐந்து போல்ட் வட்டமும் ஜீப்பும் ஒன்றுதான், 139.7 மில்லிமீட்டர், நடு ஓட்டை உங்கள் ஹப்புக்கு ஏறுகிறதா என்று மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.